ஒரு முழக் குழி சொன்னதும் சொல்லாததும்

நீங்கள் ஒரு மனை வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மூலையிலும் கல் நட்டாயிற்று. பத்திரம் பதிவாயிற்று. வாங்குவதற்கு முன் எத்தனையோ கேள்விகள் கேட்டிருப்பீர்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? சாலை எவ்வளவு அகலம்? குடிநீர் வருமா? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் வீட்டின் பாரம் முழுவதையும் காலமெல்லாம் சுமக்கப் போகிற மண்ணிடம் ஏதாவது கேட்டீர்களா?

'மண்ணிடம் கேட்பதாவது!' என்று சிரிக்க வேண்டாம். வீடு கட்டும் மனிதன் மிகப் பழங்காலத்திலிருந்தே மண்ணைக் கேள்வி கேட்டு வந்திருக்கிறான். அந்தக் கேள்விகள் எப்படித் தோன்றின, எங்கே தவறின, பின்னர் எப்படித் திருந்தின என்பது சுவையான வரலாறு. நீங்கள் வானம் தோண்ட ஆள் அழைக்கும் முன் இந்த வரலாற்றை ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

முழக் குழிச் சோதனை

கி.பி. ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் வாழ்ந்த வானநூலறிஞர் வராகமிகிரர், 'பிருகத் சம்ஹிதை' என்னும் நூலில் வீடு கட்டும் முறைகளையும் கூறியிருக்கிறார். அதில் ஒரு மண் சோதனை வருகிறது. மனையில் ஒரு முழ அளவுக்குக் குழி தோண்ட வேண்டும். தோண்டிய மண்ணையே மறுபடி குழியில் இட்டு நிரப்ப வேண்டும். மண் மிஞ்சினால் அந்த நிலம் உத்தமம். சரியாக நிரம்பினால் மத்திமம். மண் போதாமல் குழி குறைபட்டால் அந்த நிலம் ஆகாது.

இன்னொரு சோதனையும் உண்டு. குழியில் தண்ணீரை நிரப்பிவிட்டு நூறு அடி நடந்து சென்று திரும்பி வந்து பார்க்க வேண்டும். தண்ணீர் குறையாதிருந்தால் நிலம் நல்லது. தென்னாட்டில் தோன்றிய 'மயமதம்' என்னும் சிற்ப நூலிலும் இவ்வகைச் சோதனைகளைக் காணலாம். அங்கே தண்ணீரை மாலையில் ஊற்றிவிட்டு விடியற்காலையில் வந்து பார்க்கச் சொல்கிறார்கள். நிலத்தை உழுது, விதைத்து, பசுக்களை மேயவிட்ட பிறகே கட்டடம் எழுப்ப வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது.

இவை வெறும் சடங்குகளா? அல்ல. முழக் குழிச் சோதனையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இறுகிக் கிடக்கும் மண்ணைத் தோண்டினால் அது கட்டி கட்டியாக உடைந்து, இடையிடையே காற்றுப் புகுந்து பருமன் கூடிவிடுகிறது. ஆகவே திரும்ப நிரப்பும்போது மிஞ்சுகிறது. முன்பே பொலபொலவென்று இருக்கும் மண்ணை, அல்லது யாரோ கொட்டி நிரப்பிய மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தால் அது அடங்கிக் குறைந்துவிடுகிறது. ஆக, மண் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைத் தராசும் அளவுகோலும் இல்லாமல் அறிந்துகொள்ளும் உபாயம் இது.

இன்றைய பொறியாளர்களும் ஏறக்குறைய இதையே செய்கிறார்கள் என்பது வியப்பாக இல்லையா? சாலை போடும் இடங்களில் சிறு குழி ஒன்று தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்துக்கொள்வார்கள். பிறகு அடர்த்தி தெரிந்த மணலைக் குழியில் இட்டு நிரப்பி, எவ்வளவு மணல் பிடித்தது என்று பார்த்துக் குழியின் கன அளவைக் கணக்கிடுவார்கள். எடையைக் கன அளவால் வகுத்தால் மண்ணின் அடர்த்தி கிடைத்துவிடும். குழி அதே குழிதான். தராசு மட்டும் புதியது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே பழைய நூல்கள் மண்ணின் நிறம், மணம், சுவை ஆகியவற்றைக் கொண்டு இன்ன மண் இன்ன வருணத்தாருக்கு உரியது என்றும் பிரித்து வைத்தன. இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. சுமப்பது யாருடைய வீடு என்று மண் பார்ப்பதில்லை. பழைய நூல்களைப் படிக்கும்போது உமியை ஊதிவிட்டு அரிசியை எடுத்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.

இப்படிச் சோதித்தவர்கள் நம் முன்னோர் மட்டும் அல்லர். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், திடமான மண் கிடைக்கும்வரை தோண்டியே கடைக்கால் போட வேண்டும் என்றார். சதுப்பு நிலமானால் தீயில் கருக்கிய மரக்கழிகளை நெருக்கமாக அடித்து இறக்கி, இடைவெளிகளைக் கரியால் நிரப்பச் சொன்னார். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியரான ஆல்பெர்ட்டி இன்னொரு வழி கூறினார். தரையில் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, அருகே கனமான பொருளைக் கீழே போட வேண்டும். தண்ணீர் அலையாமல் நின்றால் நிலம் உறுதியானது.

எல்லாம் நுட்பமான சோதனைகளே. ஆனால் முழக் குழி ஒரு முழம்வரைதான் பார்க்கும். தோண்டிய நாளில் மண் எப்படி இருந்ததோ அதைத்தான் சொல்லும். ஆழத்தில் என்ன இருக்கிறது, காலம் செல்லச் செல்ல என்ன ஆகும், மழையிலும் வெயிலிலும் மண் எப்படி மாறும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் அதனிடம் விடை இல்லை. இந்த மூன்றையும் மனிதன் பெருத்த நஷ்டப்பட்டே கற்றுக்கொண்டான்.

முதல் பாடம்: ஆழம்

கனடா நாட்டில் வின்னிபெக் நகருக்கு அருகே டிரான்ஸ்கோனா என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 1913-ஆம் ஆண்டில் ரயில் பாதையை ஒட்டி ஒரு மாபெரும் தானியக் களஞ்சியம் கட்டினார்கள். அதில் உருளை வடிவமான 65 குதிர்கள் இருந்தன. எல்லாம் கான்கிரீட்டால் ஆனவை. கட்டும் முன் மண்ணைச் சோதிக்கவும் தவறவில்லை. கடைக்கால் குழியின் அடியில் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். மண் நன்றாகவே தாங்கியது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கோதுமையை நிரப்பத் தொடங்கினார்கள். அக்டோபர் 18-ஆம் நாள் கட்டடம் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இறங்கியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுநாளுக்குள் சாய்வு ஏறத்தாழ 27 பாகை ஆகிவிட்டது. குதிர்கள் உடையவில்லை. கட்டட வேலையில் குற்றம் காண முடியாது. தவறியது அடியில் இருந்த மண்தான்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1950-களின் தொடக்கத்தில் அங்கே ஆழத் துளையிட்டுப் பார்த்தபோது மர்மம் விளங்கியது. மேலே இருந்த களிமண் இறுகலானது. அதற்குக் கீழே இருந்த களிமண்ணோ மிக மென்மையானது. சோதனைக்கு வைத்த சிறிய பலகையின் அழுத்தம் மேல் மண்ணோடு நின்றுவிட்டது. அகலமான கட்டடத்தின் அழுத்தம் அடியிலிருந்த மென்மண் வரை சென்று எட்டியது.

இதில் நமக்கு ஒரு பொது விதி இருக்கிறது. கடைக்கால் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அதன் அழுத்தமும் ஆழத்திற்குச் செல்லும். அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம்வரை அழுத்தம் கணிசமாக உணரப்படும் என்று பொறியாளர்கள் கொள்கிறார்கள். ஆகவே மேல் மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்து, 'கல் மாதிரி இருக்கிறது' என்று சொல்லும் சாட்சியம் போதவே போதாது.

டிரான்ஸ்கோனா கதையின் முடிவு மகிழ்ச்சியானது. கட்டடத்தின் அடியில் மண்ணைக் குடைந்து, ஆழத்திலிருந்த பாறைவரை தூண்களை இறக்கி, பளுதூக்கிகளால் நெம்பி அதை மீண்டும் நிமிர்த்தினார்கள். களஞ்சியம் மறுபடி பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் நம் வீடு சாய்ந்தால் அப்படி நிமிர்த்தித் தர யார் வருவார்கள்?

இரண்டாம் பாடம்: காலம்

இத்தாலியின் பைசா நகரச் சாய்ந்த கோபுரத்தின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டத் தொடங்கியது 1173-ஆம் ஆண்டில். சுமார் 58 மீட்டர் உயரமும் 14,500 டன் எடையும் உள்ள அந்தக் கோபுரத்தின் கடைக்கால் ஆழம் ஏறத்தாழ மூன்று மீட்டர்தான். தரைக்குக் கீழே பத்து மீட்டர்வரை வண்டலும் மணலும் உள்ளன. அதன் கீழே ஏறத்தாழ 30 மீட்டர் கனத்துக்கு மெத்தென்ற கடற்களிமண் கிடக்கிறது.

கோபுரம் மூன்று அடுக்கைத் தாண்டுமுன், 1178-ஐ ஒட்டி, வேலை நின்றது. நூறாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் அது அப்படியே கிடந்தது. 1272-இல் மறுபடி தொடங்கி, 1278-இல் மறுபடி நின்றது. மணிக்கூடம் முடிந்தது 1370-ஐ ஒட்டித்தான். சாய்வைச் சரிக்கட்ட மேல் அடுக்குகளைச் சற்று வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இதில் விந்தை என்ன தெரியுமா? வேலை நின்றதுதான் கோபுரத்தைக் காப்பாற்றியது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அது அன்றே சரிந்து விழுந்திருக்கும் என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏன்?

வீட்டில் கெட்டித் தயிர் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். தயிரைத் துணியில் கட்டி மேலே ஒரு கல்லை வைக்கிறோம். வைத்தவுடன் அது கெட்டியாவதில்லை. நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறிய பிறகே கெட்டியாகிறது. களிமண்ணும் அப்படித்தான். அதன் துகள்களுக்கு இடையே உள்ள துளைகள் மிக நுண்ணியவை. பாரம் ஏற்றியவுடன் அதை முதலில் தாங்குவது துகள்கள் அல்ல, துளைகளில் அகப்பட்டுக் கொண்ட நீர். நீர் வெளியேற வெளியேறப் பாரம் துகள்களுக்கு மாறுகிறது. மண் அமுங்குகிறது, வலுவும் பெறுகிறது. இதற்கு ஆண்டுக் கணக்கில் ஆகலாம். பைசாவில் வேலை நின்ற காலத்தில் களிமண் இப்படி மெல்ல வலுப்பெற்றது. அதனால்தான் பின்னால் ஏறிய பாரத்தையும் தாங்கியது.

இந்த உண்மையைக் கணக்காக வடித்துத் தந்தவர் கார்ல் டெர்ஸாகி. 1883-இல் பிராக் நகரில் பிறந்த இவர், இஸ்தான்புல் நகரில் ஆசிரியராக இருந்த காலத்தில் எளிய கருவிகளைத் தாமே அமைத்துக்கொண்டு மண்ணை ஆராய்ந்தார். 1925-இல் வியன்னாவில் வெளிவந்த அவருடைய ஜெர்மன் நூல் மண் விசையியல் என்னும் புதிய துறைக்குக் கால்கோள் ஆயிற்று. மண் என்பது துகள் மட்டும் அன்று, துகளும் நீரும் காற்றும் சேர்ந்த கூட்டு. பாரத்தை யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதுவே அவர் கற்பித்த அடிப்படை.

பைசா கோபுரத்தின் சாய்வு பின்னும் கூடிக்கொண்டே போனதால் 1990-இல் அதை மூடினார்கள். சாயாத வடபுறத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறுகச் சிறுகத் துளைத்து எடுத்து, சாய்வை அரைப் பாகை அளவுக்குக் குறைத்தார்கள். 2001 டிசம்பரில் கோபுரம் மறுபடி திறக்கப்பட்டது. மண்ணால் வந்த நோய் மண்ணை எடுத்தே தணிக்கப்பட்டது.

மூன்றாம் பாடம்: நீரும் பருவமும்

இனி நம் ஊருக்கு வருவோம். கோவில்பட்டிப் பக்கமோ கோயம்புத்தூர்ப் பக்கமோ கரிசல் காட்டில் கோடையில் நடந்திருக்கிறீர்களா? நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கையை விடலாம். மண்கட்டியோ கல்லைப்போல் இருக்கும். அதே நிலம் ஐப்பசி மழையில் ஊறினால் மாட்டுவண்டி அச்சுவரை அழுந்தும்.

இப்போது கோடையில் அங்கே முழக் குழிச் சோதனையைச் செய்யுங்கள். கடப்பாறைக்கு எளிதில் இடங்கொடாத மண், பெரும் கட்டிகளாகப் பெயர்ந்து வரும். திரும்பக் குழியில் இட்டால் தாராளமாக மிஞ்சும். சோதனை சொல்லும் தீர்ப்பு 'உத்தமம்'. ஆனால் உண்மையில் வீடு கட்ட மிகவும் தொல்லை தரும் மண் இதுதான்! மிகப் பழைய சோதனை ஏமாந்துபோவது இங்கேதான்.

காரணம் கரிசலில் மிகுந்துள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம். இதன் நுண்தகடுகள் புத்தகத்தின் ஏடுகள்போல் அடுக்கப்பட்டவை. ஏடுகளுக்கிடையே நீர் நுழைந்தால் புத்தகம் உப்புகிறது. நீர் வெளியேறினால் சுருங்குகிறது. வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் பெரும்பாலும் மாறாமல் இருக்கும். வெளிச்சுவரின் ஓரத்திலோ கோடையில் காய்ந்து மழையில் ஊறும். ஆகவே ஓரங்கள் ஏறி இறங்க, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. மழைக்காலத்தில் அது மூடிக்கொண்டதுபோல் தோன்றும். 'பூச்சு வேலை சரியில்லை' என்று கொத்தனார்மேல் பழி போட்டுச் சிமெண்டு வைத்து அடைப்போம். அடுத்த கோடையில் விரிசல் மறுபடி தலைகாட்டும்.

நீரால் மண் மாறும் அளவைச் சோதித்து அறியும் வழியை 1911-இல் சுவீடன் நாட்டு வேதியியலார் அட்டர்பெர்க் வகுத்தார். களிமண்ணை உருட்டிக் கயிறாகத் திரிக்க வேண்டும். சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அது உதிரத் தொடங்கும்போது இருக்கும் ஈர அளவு ஓர் எல்லை. குழம்பாகி ஓடத் தொடங்கும் ஈர அளவு இன்னோர் எல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அகலமாக இருந்தால் அந்த மண்ணிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குயவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்ததை அட்டர்பெர்க் எண்ணாக ஆக்கித் தந்தார் எனலாம்.

கரிசலில் வீடே கட்டக் கூடாதா? கட்டலாம். நோயின் காரணம் தெரிந்தால் மருந்தும் உண்டு. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டுக் கரிசலுக்கு ஏற்றபடி ஒரு வகைக் கடைக்காலை ஆராய்ந்து பரப்பினார்கள். வட்டமான துளையிட்டு, அதன் அடியை மட்டும் குடம்போல் அகலமாக்கிக் கான்கிரீட்டை நிரப்புவார்கள். இதை 'அண்டர் ரீம்டு பைல்' என்பர். குடத்தின் அகலம் தண்டின் அகலத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு இருக்கும். ஆழமான கரிசலில் இதைக் குறைந்தது மூன்றரை மீட்டர் இறக்குவார்கள். அந்த ஆழத்தில் கோடையும் மழையும் ஒன்றுதான். ஈரம் அதிகம் மாறுவதில்லை. மேல் மண் உப்பித் தூக்கினாலும் அடியில் உள்ள குடம் ஆணிபோல் பிடித்துக்கொள்ளும்.

நிலத்தின் பழைய பெயர்

ஆழம், காலம், நீர் ஆகிய மூன்றையும் ஒருங்கே மறைத்து வைக்கும் நிலம் ஒன்று உண்டு. அது தூர்த்த நீர்நிலை. சென்னையில் மாம்பலத்தை ஒட்டி நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920-களில் தொடங்கி அதைத் தூர்த்தே தியாகராய நகர் விரிந்தது. மேற்கு மாம்பலத்தில் 'ஏரியைப் பார்த்த சாலை' என்று பொருள்படும் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. இதுபோல் தாங்கல், ஏந்தல், குட்டை, கழுவெளி என்று முடியும் ஊர்ப் பெயர்கள் நிலத்தின் பழைய கதையைச் சொல்பவை. தெருவுக்குப் புதுப்பெயர் வைக்கலாம். அடியில் கிடக்கும் வண்டலுக்கும் களிக்கும் பெயர் மாறாது.

பள்ளத்தில் கட்டட இடிபாட்டையும் குப்பை மண்ணையும் கொட்டி, மேலே ஒரு சாண் செம்மண் பரப்பிவிட்டால் கண்ணுக்கு மேடாகத்தான் தோன்றும். நிரப்பிய மண் தானாக அடங்கப் பல மழைக்காலம் ஆகும். அதுவும் ஒரே சீராக அடங்காது. நிரப்புவதற்கும் முறை உண்டு. 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் ஓர் உண்மையை வெளியிட்டார். மண் மிகக் காய்ந்திருந்தாலும் சரி, மிக ஈரமாக இருந்தாலும் சரி, நன்றாக இறுகாது. இடைப்பட்ட ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் மிக நெருக்கமாக இறுகும். ஆகவே ஒரு சாணுக்கு மேற்படாமல் மண்ணைப் பரப்பி, அளவாக நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கி, அதன் பிறகே அடுத்த அடுக்கைப் பரப்ப வேண்டும். லாரி லாரியாகக் கொட்டிவிட்டு மேலே மட்டும் இடிப்பது கண்துடைப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில் ஊரில் வயதான விவசாயி ஒருவரைக் கண்டு, 'இந்த இடத்தில் ஐயா காலத்தில் என்ன இருந்தது?' என்று கேளுங்கள். பக்கத்தில் கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். உறை இறக்காத கிணற்றின் சுவரில் மண் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். அண்டை வீடுகளின் சன்னல் மூலைகளைக் கவனியுங்கள். ஒரே மாதிரியான விரிசல் பல வீடுகளில் இருந்தால் குற்றம் மண்ணுடையது.

பிறகு மண் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். முக்காலி நாட்டித் துளையிட்டு, 63.5 கிலோ கிராம் எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆயிற்று என்று எண்ணுவார்கள். அடி கூடினால் மண் நெருக்கமானது. ஒவ்வோர் ஆழத்திலும் மண்ணை எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். இதற்கு ஆகும் செலவு, பலர் வாசற்கதவின் வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிடப் பெரும்பாலும் அதிகமாகாது.

கட்டிய பிறகும் மண்ணை மறந்துவிட வேண்டாம். களிமண் நிலத்தில் சுவரை ஒட்டிப் பெரிய மரம் வைக்காதீர்கள். வேர்கள் கோடையில் நீரை உறிஞ்சி மண்ணைச் சுருங்க வைக்கும். 1976-இல் இங்கிலாந்தில் கடும் வறட்சி வந்தபோது லண்டன் களிமண்மேல் நின்ற பல வீடுகள் இப்படித்தான் விரிசல் கண்டன. கூரை நீரும் குளியலறை நீரும் சுவரோரம் தேங்காமல் ஓடச் செய்யுங்கள்.

ஆயுள் முழுவதும் சேர்த்த பணம், அதற்குமேல் வாங்கிய கடன், சில வேளை மனைவியின் நகை ஆகியவையே பெரும்பாலோருக்கு வீடாக மாறுகின்றன. வர்ணம் பிடிக்காவிட்டால் மாற்றலாம். கதவையும் மாற்றலாம். கடைக்காலுக்கு அடியில் உள்ள மண்ணை மாற்ற மறுவாய்ப்பு அநேகமாகக் கிடைப்பதில்லை. ஒரு முழம் தோண்டிப் பார்க்காமல் வீடு கட்டக் கூடாது என்று முன்னோர் எண்ணினார்கள். அந்த எண்ணம் சரியானது. நாம் இன்னும் சில முழம் ஆழமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.